"விளங்குதா?" என்று கேட்காதீர்கள்: இணையவழி விரிவுரையில் நாம் விடும் பிழைகள்

2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கையில் வளாகங்கள் மூடப்பட்டதும் என்னைப் போன்ற விரிவுரையாளர்கள் பலரும் செய்தது ஒரே வேலைதான். மண்டபத்தில் இரண்டு மணி நேரம் பேசியதை அப்படியே சூமில் இரண்டு மணி நேரம் பேசினோம். நான் முடிவில் "விளங்குதா?" என்று கேட்டேன். "ஓம் சேர்", "ஓம் சேர்" என்று சட் பெட்டி நிறைந்தது. மனம் குளிர்ந்து லப்டொப்பை மூடினேன். அடுத்த கிழமை ஒப்படைகளைத் திருத்தும்போதுதான் தெரிந்தது, பாதிப் பேருக்குப் புள்ளிவிவரப் பாடத்தின் இடைக்கும் (சராசரி) இடையத்துக்கும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) வித்தியாசம் பிடிபடவில்லை.

முதல் பிழை அந்தக் கேள்விதான். மண்டபத்தில் "விளங்குதா?" என்றால் முகத்தைப் பார்த்துப் பதிலை எடுத்துக்கொள்வோம். திரையில் முகம் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. விளங்கவில்லை என்று நூறு பேர் முன்னால் எழுத எந்தப் பிள்ளை வரும்?

இப்போது நான் செய்வது வேறு. கரைவலைக்காரர் ஒருவரின் ஐந்து நாள் மீன்பாடு: 40, 35, 30, 45, 800 கிலோ. கடைசி நாள் சூடை மீன் கூட்டமாக வந்து மாட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடை 190, இடையம் 40. "சம்மாட்டி, அதாவது அந்த வலையின் முதலாளி, வங்கியில் கடன் கேட்கப் போனால் எந்த எண்ணைச் சொல்வார்? அவருடைய மனைவி வீட்டுச் செலவுக்கு எந்த எண்ணை நம்புவார்? பதிலை எழுதுங்கள், ஆனால் நான் மூன்று எண்ணும்வரை அனுப்பாதீர்கள்." மூன்று என்றதும் எல்லாப் பதிலும் ஒன்றாக வந்து விழும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத முடியாது. யாருக்கு எங்கே இடறுகிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சம்மாட்டியின் மனைவியைப் பற்றி ஒருமுறை நடந்த வாதத்தை நிறுத்தவே முடியவில்லை. பிள்ளைகளில் சிலர் மீன்பிடிக் குடும்பங்கள், எனக்கே பாடம் எடுத்தார்கள்.

அடுத்தது, பிள்ளை எங்கே இருந்து கேட்கிறது என்று யோசிக்காமல் பாடத்தைத் திட்டமிடுவது. நாங்கள் நகரத்தில் வைஃபையில் இருக்கிறோம். திருகோணமலை மாவட்டத்து வெருகலில் இருக்கும் மாணவி ரீலோட் போட்ட போனில் இருக்கிறாள், அதையும் தம்பியோடு பங்கு போட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடியோ நொடிக்கு 600 கிலோபிட் அளவில் ஓடினால் ஒரு மணிக்கு 270 எம்பி போகும். குரல் மட்டும் 80 கிலோபிட்டில் போனால் 36 எம்பிதான். அதாவது என் முகத்தைக் காட்டுவதற்கு மட்டும் பிள்ளையின் பணத்தில் மணிக்கு 230 எம்பிக்கு மேல் செலவழிக்கிறேன். அவ்வளவு பெறுமதியான முகம் இல்லை. முதல் ஐந்து நிமிடம் வணக்கம் சொல்லக் கமராவைப் போடுவேன், அப்புறம் நிறுத்திவிடுவேன். பிள்ளைகளையும் கமரா போடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. வரவை முகத்தை வைத்து எடுக்காமல், அன்று எழுதிய பதில்களை வைத்து எடுக்கலாம்.

ஸ்லைட்டும் அப்படித்தான். போனில் விரித்துப் பார்க்க முடியாத 14 வரி ஸ்லைட் யாருக்கும் பயன்படாது. போடுமுன் உங்கள் சொந்தப் போனில் ஒருமுறை திறந்து பாருங்கள், போதும்.

"வர முடியாதவர்கள் ரெக்கோர்டிங்கைப் பாருங்கள்" என்று இரண்டு மணி நேரக் கோப்பை மூடில் (Moodle) என்ற பாடத் தளத்தில் ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பது இன்னொன்று. எட்எக்ஸ் (edX) என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடநெறிகளில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட தரவை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களைத்தான் மாணவர்கள் ஊன்றிப் பார்த்தார்கள். நீளம் கூடக் கூட நடுவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஆகவே ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ: "800ஐ ஏன் அழித்துவிடக் கூடாது?" என்று தலைப்பு வைத்து ஐந்து நிமிடம். இப்படித் துண்டு போட எனக்கு நேரம் போகிறதுதான். ஆனால் அடுத்த அணிக்கும் அதே துண்டுகள் உதவுகின்றன.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது, எதைப் பேசுவது என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கும் பழக்கம். பாடநெறி முடியும்போது பிள்ளை எதைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். அதைச் செய்கிறாரா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்பது இரண்டாவது. விரிவுரை மூன்றாவதுதான். இந்த வரிசையில் போட்டபோது என் பாடநெறியில் மூன்று விரிவுரைகள் தேவையே இல்லை என்று தெரிந்தது. கொஞ்சம் வலித்தது, அதில் ஒன்று நான் மிகவும் விரும்பிப் பேசுவது.

மிச்சமான நேரத்தில் சின்னச் சின்னக் கேள்வித்தாள் வைத்தேன். புள்ளி மிகக் குறைவு, பார்த்தெழுதினாலும் லாபமில்லாத அளவு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த பரிசோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு கிழமை கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் கூட நினைவு வைத்திருந்தார்கள். செமஸ்டர் முடிவில் ஒரே பெரிய பரீட்சை என்பது அந்த நன்மையை அப்படியே கைவிடுவது.

மொழியையும் மறந்துவிடுகிறோம். உயர்தரம் வரை தமிழில் இடை, இடையம், ஆகாரம் (அதிக தடவை வரும் எண்) என்று படித்த பிள்ளைக்கு வளாகத்தில் திடீரென்று ஆங்கிலத்தில் மீன் (mean), மீடியன், மோட். நேரில் என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். வீட்டில் தனியாக இருந்து கேட்பவருக்கு முதல் பத்து நிமிடம் சொல்லைத் தேடியே போய்விடும். ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் நாளே பத்துச் சொற்களை இரு மொழியிலும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அறிவித்தலுக்கு அந்த ஒரு குழு போதும். டெலிகிராமில் ஒன்று, மூடிலில் ஒன்று, ஈமெயிலில் ஒன்று என்று சிதறவிட்டால் பிள்ளை தவறவிடுவது நிச்சயம்.

கடைசியாக, ஒப்படைக்கு நள்ளிரவு 11.59ஐக் கெடுவாக வைப்பது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்தக் காலம் போய்விட்டாலும், மார்கழி மழையில் கரண்டும் சிக்னலும் போவது நமக்குப் புதிதல்ல. நான் இப்போது கெடுவை மூன்று நாள் ஜன்னலாக வைக்கிறேன்: வியாழன் காலை முதல் சனி மாலை வரை எப்போதும் ஏற்றலாம். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாலும் சரி. ஞாயிறு வந்தால் ஏற்பதில்லை என்று சொல்லித்தான் வைத்திருக்கிறேன், ஞாயிறும் ஒன்றிரண்டு வரத்தான் செய்கிறது.