திருவிழாப் படங்கள் ஆயிரத்தையும் ஒரே கட்டளையில் சிறிதாக்க

சித்திரைத் திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்தால், மூன்றுமாவடி எதிர்சேவையில் ஆரம்பித்து அழகர் வைகையில் இறங்கும் வரைக்கும், கேமராவில் எண்ணூறு, தம்பி போனில் ஐந்நூறு என்று படங்கள் குவிந்து கிடக்கும். வெளியூர்ச் சொந்தங்களுக்கு அனுப்ப ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்கத் தேவையில்லை. கட்டளை அடித்துப் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருள் போதும், 1990-லிருந்து இருக்கிறது, இலவசம், லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும்.

அதில் மொத்தமாக வேலை செய்யும் கட்டளை மோக்ரிஃபை (mogrify). ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எங்கே சேமிக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும். எனக்கு அது தெரியாமல், சித்தப்பா அழகர் வேஷம் போட்டுத் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிய படங்கள் எல்லாம் 600 பிக்சலுக்குச் சுருங்கிவிட்டன. பிரேம் போட அவர் படம் கேட்டபோது கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அதனால் முதலில் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே 'சிறிது' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள், மோக்ரிஃபை அதைத் தானாக உருவாக்காது. அப்புறம், படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் இந்தக் கட்டளை (டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும், முதல் சொல் magick; ஃபோல்டர் பெயர் மட்டும் நீங்கள் வைத்தபடியே):

மேஜிக் மோக்ரிஃபை -பாத் சிறிது -ஆட்டோ-ஓரியன்ட் -ரீசைஸ் "1600எக்ஸ்1600>" -குவாலிட்டி 82 *.ஜேபிஜி

பழைய 6-ஆம் பதிப்பு என்றால் முதல் சொல் வேண்டாம். ஆட்டோ-ஓரியன்ட், போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படங்களை நிஜமாகவே நிமிர்த்திவிடும். 1600-க்குப் பின்னால் இருக்கும் > குறிக்கு, பெரிய படத்தை மட்டும் சுருக்கு, சின்னதைப் பெரிதாக்காதே என்று அர்த்தம். அகல உயர விகிதம் மாறாது. மேற்கோள் குறியை விட்டுவிட்டால், நாம் அடிப்பதை வாசிக்கும் ஷெல் அந்த > குறியைத் தனக்கானது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த சொல்லின் பெயரில் ஒரு ஃபைலை உருவாக்கி வைத்துவிடும், குவாலிட்டியும் வேலை செய்யாது.

படத்தோடு பதிவாகியிருக்கும் கூடுதல் விவரங்களை நீக்க, நிறைய பேர் -ஸ்ட்ரிப் சேர்க்கச் சொல்வார்கள். நான் சேர்ப்பதில்லை. நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று படத்தில் இருக்கும் நிறச் சுயவிவரத்தையும் அது சேர்த்து அழித்துவிடும், சில போன் படங்களில் அழகரின் பச்சைப் பட்டு மங்கிப்போய்த் தெரியும். எடுத்த இடம் வெளியே தெரியக்கூடாது என்றால் (வீட்டு வாசலில் எடுத்த படங்களுக்கு இது கட்டாயம்) படத்தோடு பதிவான விவரங்களை மாற்றும் எக்ஸிஃப்டூல் (exiftool) என்ற மென்பொருளை நிறுவி அந்தச் சிறிய நகல்களில் மட்டும்:

எக்ஸிஃப்டூல் -ஜிபிஎஸ்:ஆல்= சிறிது

மாற்றும் முன் இருந்த ஃபைலை ஒரிஜினல் என்ற பின்னொட்டோடு அதுவே வைத்துக்கொள்ளும், அனுப்பும் முன் அவற்றை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் எடுத்த இடம் அவற்றோடு வெளியே போய்விடும்.

முழுசாக ஓட்டுவதற்கு முன் ரெண்டு மூன்று படத்தில் சோதித்துப் பாருங்கள். முடிந்ததும் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். லினக்ஸில் குறைந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்: கேமரா ஜேபிஜி என்ற பின்னொட்டைப் பெரிய எழுத்தில் வைத்திருக்கும், நாம் சின்ன எழுத்தில் கேட்டிருப்போம். பெரிய எழுத்தில் மாற்றி அதே வரியை இன்னொரு முறை ஓட்டினால் மீதியும் வந்துவிடும்.