ஊட்டி சர்ச்சுக்கு ஞாயிறு ஆராதனைக்கு முதல்முறை போகிறீர்களா?

ஊட்டி ஸ்டீபன்ஸ் சர்ச் 1830-களிலிருந்து வழிபாடு நடக்கும் இடம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பலர். ஆராதனையில் உட்கார நினைப்பவர்கள் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். இங்கும் நீலகிரியின் மற்ற எந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலும் யாரும் வந்து உட்காரலாம்.

நேரமும் மொழியும் சபைக்குச் சபை மாறும். அறிவிப்புப் பலகையை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும். காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் அவசியம். பெண்கள் பலர் முந்தானையால் தலையை மூடிக்கொள்வார்கள். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள்.

பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு, பிரசங்கம் என்று போகும். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று குழம்ப வேண்டாம், முன்வரிசையைப் பார்த்துச் செய்தால் போதும். பாமாலைப் புத்தகம் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், சந்தோஷமாக நீட்டுவார்.

கவனிக்க வேண்டியது திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் பெறும் இந்தச் சடங்கு சபையாருக்கு மிகப் புனிதமான காரியம். பொதுவாகத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தைச் சபை முன் உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்கள்தான் முன்னே போய் முழங்காலிடுவார்கள். மற்றவர்கள் இருக்கையிலேயே அமைதியாக இருக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பிரசாதம் மாதிரி என்று எண்ணி வரிசையில் நின்றுவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஆராதனைக்கு முன்பே ஆயரிடம் (சபையின் போதகரிடம்) கேட்டுவிடுங்கள்.

காணிக்கைப் பை வரும். போடுவது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. போட்டோ மட்டும் ஆராதனை முடிந்த பிறகு, அனுமதி கேட்டு எடுங்கள்.