வெள்ளித் துருவியை டாலராகப் போடுவதற்கு முன்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய பங்களாக்கள் கைமாறும்போது, பீங்கான் தட்டுகளோடும் கரண்டிகளோடும் சில சமயம் கட்டைவிரல் பருமனில் ஒரு வெள்ளிச் சிமிழ் வெளியே வரும். மூடியைத் திறந்தால் பொத்தல் பொத்தலாகச் சொரசொரப்பான தகடு இருக்கும். அது ஜாதிக்காய்த் துருவி. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பஞ்ச் என்ற மதுக்கலவை மேல் ஜாதிக்காயைத் துருவிப் போட்டுக் குடிப்பது வழக்கம். இன்று பர்லியாறு பண்ணையில் காய்க்கிற ஜாதிக்காய், அப்போது இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்து கப்பலேறி வர வேண்டிய விலை உயர்ந்த சரக்கு. அதனால் வசதியானவர்கள் காயையும் துருவியையும் ஒரே சிமிழில் போட்டுக் கையோடு கொண்டு போனார்கள். இதயம், முட்டை, கண்ணீர்த்துளி என்று வடிவங்கள் அத்தனை அழகு. செயினில் கோத்துப் போடத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. பெட்டிக்குள் கிடப்பதைவிடக் கழுத்தில் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் ஆசையாக வாங்கியவர்களே அதைப் பாழாக்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பெரும்பாலான தவறுகள் அதை முழு வெள்ளி என்று நினைப்பதிலிருந்து வருகின்றன. வெள்ளி மெத்தென்ற உலோகம். கெட்டியான காயைத் தேய்த்தால் பற்கள் சீக்கிரம் மழுங்கிவிடும். எனவே துருவும் தகட்டைப் பெரும்பாலும் இரும்பிலோ எஃகிலோ செய்தார்கள். வெள்ளி கறுத்தால் துடைத்துக்கொள்ளலாம். அந்த மெல்லிய இரும்புத் தகடு துருப்பிடித்துப் பொடிந்தால் போனது போனதுதான்.

நம் வீடுகளில் வெள்ளி என்றாலே திருநீறு, பற்பசை என்று கை போகும். சிலர் புளியும் எலுமிச்சையும் எடுப்பார்கள். திருநீறும் பற்பசையும் நுண்ணிய செதுக்கு வேலையையும் முத்திரைகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். புளிப்பு நேராக இரும்பைத் தின்னும். வெந்நீரில் சமையல் சோடாவும் அலுமினியத் தாளும் போட்டு முக்குவது இன்னும் மோசம். கீல் இடுக்கிலும் தகட்டுக்குப் பின்னாலும் நீர் தங்கிவிடும். ஊட்டிக் குளிரில் அது லேசில் காயாது. வெளிப்புறத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். உள்ளே ஒட்டிய பழைய தூளை உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். செதுக்குக் கோடுகளில் படிந்த கறுப்பை விட்டுவிடுங்கள், வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதே அதனால்தான்.

அடுத்தது வளையம் வைப்பது. துருவிகளில் பலவற்றுக்குத் தொங்கவிட வளையமே கிடையாது. உடனே பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பற்ற வைக்கச் சொல்கிறார்கள். பொடி வைத்து ஊதும் சூட்டில் மெல்லிய வெள்ளிச் சுவர் நெளியலாம், பழைய பற்று இளகலாம், கீல் இறுகலாம், தகடு நிறம் மாறலாம். பழம்பொருளாக அதன் மதிப்பும் இறங்கிவிடும். நல்ல ஆசாரியிடம் கம்பியில் ஒரு சின்னக் கூடு பின்னச் சொல்லுங்கள். சிமிழ் அதற்குள் உட்காரும், வேண்டாதபோது கழற்றிவிடலாம். கூடு மூடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தேய்ந்த கீல் நடக்கும்போது திறந்துகொண்டால் தகட்டின் பற்கள் ஸ்வெட்டர் நூலை இழுக்கும், தோலையும் கீறும். வியர்வை உப்பும் இரும்புக்கு ஆகாது என்பதால் துணிக்கு மேலே அணிவதே சரி. மழையிலும் மூடுபனியிலும் வேண்டாம்.

கழற்றியதும் கம்பளித் துணிகளோடு அலமாரியில் போடுவது மலையில் எல்லோரும் செய்வது. கம்பளியில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். ரப்பர் பேண்டும் அப்படியே. பருத்திப் பையில் சுற்றி, மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

வாங்கும்போது வினிகிரெட் என்ற இன்னொரு சிமிழோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வாசனைக் காடியில் நனைத்த பஞ்சை வைத்து முகர்வதற்கானது அது. உள்ளே தங்கமுலாம் பூசிய, பூவேலை செய்த துளைத்தகடு இருக்கும். விரலுக்கு வழவழப்பாகப் படும். துருவி விரலைப் பிராண்டும்.

முத்திரைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளிக்கு, நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தரம் சோதித்ததற்கு. அந்த ஊர்ச் சோதனைச் சாலை 1773இல் தொடங்கியது, அதனால் அதற்கு முந்தையது என்று சொல்லி நங்கூரம் போட்ட சிமிழை நீட்டினால் நம்ப வேண்டாம். அரசர் தலை முத்திரை 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கான அடையாளம். சுத்தம் பார்க்கிறேன் என்று யாராவது உரைகல்லில் உரசக் கேட்டால் விடாதீர்கள். எடை போட்டு வெள்ளி விலைக்கு விற்பதும் கூடாது. உருக்குபவர் கையில் அது சில கிராம் வெள்ளி மட்டுமே.

வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாக அனுப்ப நினைக்கிறவர்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை மறக்கக் கூடாது. வரலாற்று மதிப்புள்ள, நூறு ஆண்டு தாண்டிய பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய அது தடை விதிக்கிறது.

அப்புறம், அதில் ஜாதிக்காய் துருவிப் பாயசத்தில் போட வேண்டாம். துருவோடு, தகட்டின் பழைய பூச்சில் காரீயமும் கலந்திருக்க வாய்ப்புண்டு. சமையலுக்குக் கடையில் கிடைக்கும் எவர்சில்வர் துருவி போதும்.