மலையில் பழைய நகைச்சுவை இதழ்கள் சேர்ப்பது எப்படி?

குன்னூரில் ஆடிச் சாரல் பிடித்தால் கொடியில் போட்ட துணியே நான்கு நாள் காயாது. ஐம்பது வயதுக் காகிதம் என்ன பாடுபடும்! நான் முதலில் சேர்த்த பன்னிரண்டு இதழ்களை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் அடுக்கினேன். ஒரே மழைக்காலத்தில் ஐந்து பூஞ்சைக்குப் போயின. அதனால் இங்கே இருப்பவர்கள் இதழ் வாங்கும் முன்பே அதை வைக்கும் இடத்தை முடிவு செய்துவிட வேண்டும். வீட்டின் உட்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஒரு முழம் உயரம். கணப்பின் அருகில் வேண்டாம். சூட்டில் காகிதம் நொறுங்கும்.

அடுத்து, எதைச் சேர்ப்பது? 1926-இல் தொடங்கி 1928-இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடன், மாலி, கோபுலு சித்திரங்களுக்காகவே சேர்க்கத் தக்கது. சோவின் துக்ளக் 1970 ஜனவரி 14 அன்று பிறந்தது. லண்டனில் 1841-இல் தொடங்கிய 'பஞ்ச்' என்ற ஆங்கில நகைச்சுவை வார இதழ் ஆறு மாதத்துக்கு ஒரு தொகுதியாக பைண்டு செய்யப்பட்டும் விற்றது. தோட்ட பங்களாக்களைக் காலிசெய்யும்போது அவை எப்போதாவது கண்ணில் படும். புதியவர்களுக்கு நான் துக்ளக்கைத்தான் சொல்வேன். எழுபதுகளின் அரசியலை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டே படிக்கலாம்.

பழைய பேப்பர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "அண்ணே, பழைய வாரப் பத்திரிகை வந்தால் கட்டைப் பிரிக்காமல் எனக்கு வையுங்கள்" என்பது போதும். சலூன்களிலும் கேட்டுப் பாருங்கள்.

வாங்கும்போதுதான் நிதானம் தேவை. நம் வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து பைண்டு செய்துவிட்டு, மீதியை எடைக்குப் போடும் வழக்கம் இருந்தது. கதை பிழைத்தது, அட்டை போனது. விகடனுக்கோ அட்டையே ஜோக். 1987-இல் ஓர் அட்டை ஜோக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அட்டையில்லாத இதழில் அந்த வரலாறு எங்கே இருக்கும்? எனவே அழகான பைண்டைவிட அட்டையோடு கசங்கிய தனி இதழே மேல். மலர் எண், இதழ் எண், தேதி மூன்றையும் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கங்களை எண்ணுங்கள். நடுப்பக்கத் தாள் கழன்று போயிருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். விளம்பரப் பக்கம் இல்லை என்றாலும் அது குறையுள்ள இதழ்தான்.

வீட்டுக்கு வந்ததும் மற்ற இதழ்களோடு சேர்க்காதீர்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் விரித்து வையுங்கள். வெயில் கூடாது, தாள் பழுத்துவிடும். பூஞ்சை இருந்தால் முகக்கவசம் அணிந்து, நன்றாக உலர்ந்த பிறகு வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள்.

அடுத்த கவலை, தாள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புப் பின் (ஸ்டேப்ளர் கம்பி). மலை ஈரத்தில் அது துருப்பிடித்து, சுற்றிலும் செம்பழுப்பு வளையம் படரும். அந்த இடத்தில்தான் தாள் முதலில் அறுந்து விழும். இதழை நடுப்பக்கத்தில் விரித்து, பின்னின் காலுக்கு அடியில் ஒரு தடித்த அட்டைத் துண்டைச் செருகுங்கள். மொண்ணைக் கத்தி முனையால் இரண்டு கால்களையும் மெல்ல நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக இழுங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள், துருவைச் சிறிது சிறிதாக உதிர்த்துவிட்டு மறுபடி முயலுங்கள். பழைய துளைகளின் வழியே வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, உள்பக்கம் தளர்வாக முடிச்சிடுங்கள். செலோடேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகி எழுத்தையும் கெடுக்கும்.

இதழ்களைப் படுக்கை வசத்தில், பத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். இராமபாணப் பூச்சிக்கு பைண்டிங் பசை என்றால் உயிர். துணியில் முடிந்த வசம்பை அலமாரி மூலையில் வைக்கிறேன். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். ஜனவரி முதல் மார்ச் வரை காற்று வறண்டிருக்கும்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, நோட்டில் குறித்த எண்களோடு சரிபாருங்கள். எனக்கு அந்த வேலைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகின்றன, ஏனென்றால் நடுவில் உட்கார்ந்து படித்துவிடுகிறேன்.