சில வாரங்களில் வந்த மறதி: தன்னுடல் தாக்கு நோயை இனங்காண்பதும் சிகிச்சை பெறுவதும்

மலையகத்தில் வயதான ஒருவருக்குப் பெயர்கள் நினைவில் நிற்கவில்லை என்றால், "வயசாகிப் போச்சு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். மறதி நோயில் பெரும்பாலானவற்றுக்கு அல்சைமரோ மூளையின் இரத்தக்குழாய்ப் பாதிப்போ காரணம் என்பதால், அந்த எண்ணம் முற்றிலும் பிழையன்று. ஆனால், உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தன் மூளையையே தாக்குவதால் வரும் மறதியும் உண்டு. அது அரிது என்றாலும், நேரத்தோடு சிகிச்சை தொடங்கினால் பலர் பெருமளவு தேறிவிடுகிறார்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது காலம். அல்சைமர் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். தன்னுடல் தாக்கு அழற்சியோ பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் ஆளையே மாற்றிவிடும். தீபாவளி வரை கொழுந்து நிறுக்கும்போது கிலோக் கணக்கைத் தானே சரிபார்த்து, குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் நியாயம் கேட்ட ஒருவர், தைப்பொங்கலுக்குள் தன் லயத்துக்குப் போகும் படிக்கட்டில் வழி தெரியாமல் நிற்கிறார் என்றால், அதை முதுமையின் கணக்கில் எழுதக் கூடாது. எந்த மாற்றம் எந்தப் பண்டிகையை, எந்தச் சம்பள நாளை ஒட்டித் தொடங்கியது என்பதைக் கிளினிக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மறதியோடு வலிப்பு, தூக்கமின்மை, இல்லாததைக் காண்பது, காரணமற்ற சந்தேகம், தள்ளாட்டம் ஆகியவையும் சேரலாம். மூளையிலுள்ள எல்.ஜி.ஐ.1 என்ற புரதத்தைத் தாக்கும் பிறபொருளெதிரியால் (நிர்ப்பீடனத் தொகுதி உருவாக்கும் எதிர்ப்புப் புரதத்தால்) வரும் வகை பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்களிடம் தோன்றும். அதில் முகத்தின் ஒரு பக்கமும் அதே பக்கத்துக் கையும் ஓரிரு விநாடிகள் வெட்டியிழுக்கும். கையிலிருக்கும் பிளேன்டீ தெறிக்கும். ஒரே நாளில் பல தடவை இது நிகழும். நம் ஊர்க் குளிரில் இதை நடுக்கம் என்று நினைத்துவிடுவது எளிது என்பதால், தொலைபேசியில் காணொளியாகப் பிடித்து வைத்தியரிடம் காட்டுவது நல்லது. இவர்களில் பலருக்குக் குருதியில் சோடியமும் குறைந்திருக்கும்.

மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைப் பிறபொருளெதிரி தாக்குவதால் வரும், 2007இல் விவரிக்கப்பட்ட வகை பெரும்பாலும் இளம் பெண்களைத் தாக்குகிறது. திடீர்ப் பிதற்றல், பேச்சு அடங்கிப்போதல், வாய் தானாக அசைதல் என்று வருவதால், கோடாங்கியைத் தேடி ஓடுகிறார்கள். கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. வைத்தியசாலைக்குப் போவதைப் பிற்போடாதிருந்தால் போதும். மூட்டுவலி, கன்னத்தில் செந்தடிப்பு, வாய்ப்புண் ஆகியவற்றோடு குழப்பமும் வந்தால் லூபஸ் என்ற இன்னொரு தன்னுடல் தாக்கு நோயையும் சந்தேகிக்க வேண்டும்.

தோட்ட டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு, கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற, நரம்பியல் நிபுணர் உள்ள இடத்துக்குச் செல்லுங்கள். வலிப்பு நிற்காவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் கையோடு கொண்டுபோங்கள். பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகளே சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. படியில் வழுக்கி விழுந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் தலைக்குள் இரத்தம் கட்டினாலும் மறதி வரும்.

தைரொய்டு, பி12 குறைபாடு, கிருமித்தொற்று ஆகியவற்றை முதலில் பார்ப்பார்கள். பின்னர் எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு), முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை, பிறபொருளெதிரிப் பரிசோதனை ஆகியவை நடக்கும். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயத்தில் கையொப்பமிட மறுக்காதீர்கள். முறையாகச் செய்யும்போது பொதுவாக வருவது ஓரிரு நாள் தலைவலிதான். ஸ்கேன் சரியாக இருப்பதாலோ பிறபொருளெதிரி தென்படாததாலோ மட்டும் இந்நோய் இல்லை என்றாகிவிடாது.

சிகிச்சையாக மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து வழக்கமாக நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாட்களுக்கு நாளத்தினூடாக ஏற்றப்படும். இமியூனோகுளோபுலின் (பிறருடைய குருதியிலிருந்து எடுத்த பிறபொருளெதிரிகள்) ஏற்றுதல், குருதித் திரவவிழைய (பிளாஸ்மா) மாற்றீடு ஆகியவையும் செய்யப்படலாம். அவை போதாவிடின் நிர்ப்பீடனத் தாக்குதலை அடக்கும் ரிடுக்சிமாப் போன்ற மருந்துகள் உண்டு. சூலகத்திலோ நுரையீரலிலோ கட்டி மறைந்திருந்து நோயைத் தூண்டினால், அதற்கும் சிகிச்சை வேண்டும். எல்.ஜி.ஐ.1 வகையில் வலிப்பு மாத்திரை மட்டும் பெரும்பாலும் பலனளிக்காது.

வீடு திரும்பிய பின், தொடர்ந்து குடிக்கத் தரும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். சீனி ஏறுகிறதா என்று பாருங்கள்; முன்னர் காசநோய் இருந்திருந்தால் சொல்லுங்கள்; காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள். தேறுவதற்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூடச் செல்லலாம். நோய் மீண்டும் தலைதூக்கவும் கூடும் என்பதால், வெட்டியிழுப்போ குழப்பமோ திரும்பினால், அடுத்த கிளினிக் திகதிவரை பொறுத்திராமல் டயக்னோசிஸ் கார்டை எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.