நான்காம் அத்தியாயத்திலிருந்து ஆரம்பியுங்கள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியலமைப்பு நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வகுப்பில், “நாடாளுமன்றத்தின் வெளியுறவு நிலைக்குழு அரசுக்கு உத்தரவிட்டது” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், “உத்தரவா சார், பரிந்துரையா?” என்றாள். வீட்டுக்குப் போய் மக்களவை விதிகளைப் புரட்டினேன். நிலைக்குழு அறிக்கை தீர யோசித்துச் சொன்ன ஆலோசனை, அவ்வளவுதான் என்று இருந்தது. அரசு ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

வெளியுறவு அமைச்சகத்தைக் கண்காணிப்பதுதான் இந்தக் குழுவின் வேலை. உத்தரவு போட முடியாத குழு எப்படிக் கண்காணிக்கிறது? அரசை எழுத்தில் பதில் சொல்ல வைப்பதன் மூலம்தான். அதனால் அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்து, உறுப்பினர் பட்டியலிலும் முன்னுரையிலும் தூங்கியிருக்கிறேன்.

குழுவைப் பற்றி இது போதும்: மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. ஆண்டுதோறும் குழு புதிதாக அமைக்கப்படும். கூட்டம் மூடிய அறையில் நடக்கும். பதில் சொல்ல வருவது அமைச்சர் அல்ல, வெளியுறவுச் செயலரும் அவருடைய அதிகாரிகளும். நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு என்று சொல்லி ஓர் ஆவணத்தைத் தர அரசு மறுக்கலாம். வெளியுறவு விஷயத்தில் அந்தக் கதவு கொஞ்சம் பெரியது.

சரி, எதை முதலில் எடுப்பது? ‘நடவடிக்கை எடுக்கப்பட்ட அறிக்கை’யை எடுங்கள். குழு பரிந்துரை கொடுத்த மூன்று மாதத்துக்குள் அமைச்சகம் பதில் எழுத வேண்டும். அந்தப் பதில்களைக் குழு தரம் பிரித்து வெளியிடுவதுதான் இது. இரண்டாம் அத்தியாயத்தில் அரசு ஏற்றுக்கொண்டவை. மூன்றில், பதிலைப் பார்த்தபின் குழு விட்டுவிட்டவை. ஐந்தில், முழுப் பதில் இன்னும் வராதவை. நான்காவதுதான் சண்டை: அரசு சொன்ன பதிலைக் குழு ஏற்காமல் திரும்பவும் வலியுறுத்துபவை. அங்கே ஒரு பரிந்துரையைப் பிடித்துக்கொண்டு மூல அறிக்கைக்குப் பின்னோக்கிப் போங்கள். இரண்டாம் அத்தியாயத்தை நம்பி ஏமாறவும் வேண்டாம். “குழுவின் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது” என்பதும் சில நேரம் ‘ஏற்பு’ கணக்கில் சேர்ந்துவிடும்.

அப்புறம் பணம். ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை, அதாவது அடுத்த ஆண்டுச் செலவுக்கு அது கேட்கும் பணக் கணக்கை, குழு பிரித்துப் பார்க்கிறது. 2024-25 பட்ஜெட்டில் வெளியுறவு அமைச்சகத்துக்கு 22,154 கோடி ரூபாய், 2025-26இல் 20,516 கோடி. மொத்த பட்ஜெட்டில் அரை சதவீதம்கூட இல்லை. ஒதுக்கீடு போதாது, தூதரகங்களில் ஆள் போதாது என்று குழு வருடா வருடம் எழுதுகிறது. எந்த நாட்டுக்கு எவ்வளவு உதவி என்ற அட்டவணையைத் தவறவிடாதீர்கள். 2025-26இல் முதலிடம் பூட்டானுக்கு, 2,150 கோடி. மேடைப் பேச்சைவிட இந்த அட்டவணையில் கொள்கை தெளிவாகத் தெரியும் என்பது என் கட்சி.

மசோதாவும் குழுவுக்கு வரும். நம் நாட்டில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட நாடாளுமன்றத்தின் சம்மதம் தேவையில்லை. ஆனால் நம் நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அரசியலமைப்பைத் திருத்தியாக வேண்டும். வங்கதேச எல்லை ஒப்பந்தத்துக்கான மசோதா 2013 டிசம்பரில் மாநிலங்களவையில் அறிமுகமாகி இந்தக் குழுவுக்கு வந்தது. அந்தப் பக்கம் சிக்கிய நம் நிலத்துண்டுகள் 111, இந்தப் பக்கம் அவர்களுடையவை 51. ஒரு வருடம் கழித்து, சசி தரூர் தலைமையிலிருந்த குழு நிறைவேற்றலாம் என்றது. 2015இல் அது நூறாவது திருத்தமானது.

டோக்லாம் விவகாரம்தான் நான் வகுப்பில் அதிகம் எடுத்துக்காட்டுவது. பூட்டானும் சீனாவும் உரிமை கோரும் அந்த மலைப்பகுதியில், 2017 ஜூனில் ஆரம்பித்து 73 நாள் இந்திய, சீன ராணுவங்கள் எதிரெதிரே நின்றன. 2018 செப்டம்பரில் குழு அறிக்கை கொடுத்தது. நெருக்கடியைக் கையாண்ட விதத்தைப் பாராட்டிய கையோடு, மூன்று நாட்டு எல்லையும் சேரும் முச்சந்தி அருகே சீனா கட்டியவை இன்னும் அகற்றப்படவில்லை என்று கவலையும் தெரிவித்தது. தைவான், திபெத் விஷயத்தில் நாம் சீனாவின் மனம் கோணாமல் நடக்கிறோம், அவர்கள் நமக்கு அப்படி நடப்பதில்லை என்றும் எழுதியது. ஆளுங்கட்சிக்காரர்கள் அதிகம் இருந்த குழு இது என்பதை மறந்துவிடாதீர்கள். கேமரா இல்லாத அறையில் கட்சி கொஞ்சம் தளர்கிறது.

கடைசியில் கூட்டக் குறிப்புகள் இருக்கும். யார் சாட்சி சொன்னார்கள் என்று அங்கே பாருங்கள். நடுவே வரிவரியாக நட்சத்திரக் குறிகள் வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் அது வேறு விஷயம் பேசிய பகுதி. மாற்றுக் கருத்துக் குறிப்பு யாராவது கொடுத்திருந்தால் அதை முழுதாகப் படியுங்கள், கருத்து எங்கே பிளந்தது என்று தெரிந்துவிடும்.

அறிக்கைகள் நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் இலவசம், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தேடும்போது எத்தனையாவது மக்களவை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மக்களவைக்கும் எண் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். டோக்லாம் வருகிற சீனா அறிக்கை 16ஆவது மக்களவையின் 22ஆவது அறிக்கை. ‘அண்டை நாடுகளுக்கு முன்னுரிமை’ பற்றியது 17ஆவது மக்களவையின் 22ஆவது அறிக்கை. எண்ணை மட்டும் சீட்டில் எழுதிக்கொண்டு போய், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஸ்பைரல் போட்டுக்கொண்டு வந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.