கிரிப்டோ டெஸ்ட்டுகளைத் துப்புரவு செய்யும்போது கைவைக்கக் கூடாத இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கிரிப்டோ லைப்ரரியா (தகவலைப் பூட்டவும் திறக்கவும் உதவும் கோட் தொகுப்பு) என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றிலும் செம்பனைத் தோட்டம்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்தபடியே கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கோட் எழுதும் பிள்ளைகள் இப்போது இங்கே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சனிக்கிழமைகளில் என் கடைவீட்டு மாடிக்கு வந்து, அப்படிப்பட்ட ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்று சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுகளைப் பராமரிக்கிறார்கள். புதிதாக வருபவரிடம் டெஸ்ட் ஃபோல்டரைத்தான் முதலில் கொடுப்பது வழக்கம். அங்கே கைவைத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்ற நினைப்பு. வருகிற ஒவ்வொருவரும், ஒரு காலத்தில் நான் விழுந்த அதே பள்ளத்தில் போய் விழுகிறார்கள்.

டெஸ்ட்டுக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கள், நிஜக் கீயை (ரகசியச் சாவியை) கோட் வைக்கும் ரெப்போவில் போடாதீர்கள் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

## விடையை லைப்ரரியிடமே கேட்டு எழுதுவது

கிரிப்டோ டெஸ்ட் கோப்பைத் திறந்ததும் கண்ணை உறுத்துவது ஹெக்ஸ்தான், அதாவது 0-9, a-f எழுத்துகளில் எழுதிய பைட்டுகள். கீ, ஐவி (ஒவ்வொரு செய்திக்கும் மாற்றிக் கொடுக்கும் தொடக்க மதிப்பு), செய்தி, சைபர்டெக்ஸ்ட் (பூட்டிய செய்தி), டேக் (யாரும் கைவைக்கவில்லை என்று காட்டும் முத்திரை) என்று பக்கம் பக்கமாகப் போகும். இதைக் கூட்டித் தள்ளிவிட்டு நாலு வரியில் அழகாக எழுதலாமே என்று யாருக்கும் தோன்றும். ரேண்டமாக ஒரு கீ எடு, செய்தியை என்க்ரிப்ட் செய் (பூட்டு), திரும்ப டிக்ரிப்ட் செய் (திற), பழைய செய்தியே வந்தால் பாஸ்.

செய்தியைத் தொடாமல் அப்படியே திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷனும் இந்த டெஸ்ட்டில் பாஸ் ஆகும். போகும்போது செய்த தப்பையே வரும்போதும் செய்தால் கணக்கு நேராகிவிடும்.

போன மாதம் ஒரு தம்பி, "அண்ணே, ஆயிரம் வரிக்கு மேல குறைச்சிட்டேன், எல்லாம் பச்சைதான், எல்லா டெஸ்ட்டும் பாஸ்" என்று வந்து நின்றார். அவர் அப்பா செம்பனை ஆலையில் லோரி எடை போடுபவர். "உங்கப்பா நேத்து எடைமேடை காட்டுன கணக்கை எழுதி வச்சிக்கிட்டு, இன்னைக்கும் அதே லோரிக்கு அதே எடைதான் காட்டுது, அதனால மேடை சரியா இருக்குன்னு சொல்வாரா?" என்று கேட்டேன். "மாட்டாருண்ணே. எடைக்கல்லு வெளியில இருந்துதான் கொண்டாருவாங்க." "அந்தக் கல்லைத்தான் நீங்க இப்ப அழிச்சிருக்கீங்க."

இதற்கு நான் இவ்வளவு எரிச்சல்படக் காரணம் இருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பேக்கப் கோப்புகளை ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் என்க்ரிப்ட் செய்து வைத்தார்கள். அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி 2007-இல் வெளியிட்ட எஸ்பி 800-38டி ஆவணத்தின்படி, ஜிசிஎம்மில் 16 பைட்டுக்கு ஒருமுறை கவுன்ட்டர் ஒன்று ஏறும். பார்க்க 128 பிட் இருந்தாலும் கடைசி 32 பிட் மட்டுமே ஏற வேண்டும். அது நிரம்பினால் பூஜ்ஜியத்துக்குத் திரும்ப வேண்டும், மேலே உள்ள 96 பிட்டைத் தொடவே கூடாது. டேக் இல்லாமல் கவுன்ட்டரை மட்டும் வைத்துப் பூட்டும் சாதாரண சிடிஆர் முறையிலோ 128 பிட்டையும் சேர்த்து ஏற்றுவதுதான் பரவலான பழக்கம். லைப்ரரியில் இரண்டுக்கும் தனித்தனி ஃபங்ஷன் இருந்தது. ஒருவர் வந்தார், இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று சிடிஆர் ஃபங்ஷனையே இரண்டுக்கும் வைத்தார். டெஸ்ட்டில் அதற்கு முன்பே ஹெக்ஸ் அட்டவணை போய், பூட்டித் திறந்து பார்க்கும் அந்தப் போய்வரும் டெஸ்ட் உட்கார்ந்திருந்தது. எல்லாம் பச்சை.

12 பைட் ஐவி கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அப்போது கவுன்ட்டர் 1-இலிருந்து தொடங்கும். ஜிசிஎம் ஒரு செய்திக்கு அனுமதிக்கும் கிட்டத்தட்ட 64 ஜிபி அளவுக்குள் அது நிரம்பாது. அவர்கள் கொடுத்தது 16 பைட் ஐவி. அப்படிக் கொடுத்தால் தொடக்க எண் ஐவியைப் பிசைந்து வருவதால் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கும். 64 எம்பி கோப்பில் 16 பைட் கட்டங்கள் 4,194,304. ஆக, சுமார் 1,024 கோப்பில் ஒன்றில் கவுன்ட்டர் நிரம்பிவிடும். அழித்த அட்டவணையில் சரியாக அந்த இடத்தைத் தொடும் வரிகள் இருந்தன. கூகுள் 2016-இல் வெளியிட்ட விச்சிப்ரூஃப் என்ற டெஸ்ட் தொகுப்பிலும் இதே மாதிரி வரிகள் உண்டு.

வேறொரு லைப்ரரியை வைத்து அந்தக் கோப்புகளைத் திறந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பெரும்பாலானவை ஒழுங்காகத் திறந்தன. சிலவற்றில் பாதிக்கு மேல் குப்பை. கொடுமை என்னவென்றால் டேக் சரியாகவே இருந்தது. ஜிசிஎம் டேக்கைக் கணக்கிடுவது சைபர்டெக்ஸ்ட்டின் மேலும் கவுன்ட்டரின் தொடக்க எண்ணின் மேலும்தான், அவை இரண்டிலும் பிழை இல்லை. அதனால் எந்த எச்சரிக்கையும் வராமல், "சரிபார்க்கப்பட்டது" என்ற முத்திரையோடு குப்பை வந்தது.

பிழையைத் திருத்தினால் பழைய கோப்புகளில் சில கெடும், திருத்தாவிட்டால் புதுக் கோப்புகளில் சில வேறு எங்கும் ஒழுங்காகத் திறக்காது. கடைசியில் ஒவ்வொரு கோப்பின் கீயையும் ஐவியையும் வைத்துத் தொடக்க எண்ணைக் கணக்கிட்டு, நிரம்பியிருக்கக் கூடியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, பிழையுள்ள ஃபங்ஷனாலேயே திறந்து, புதிதாகப் பூட்டினார்கள். கோப்பின் தலைப்பகுதியில் வெர்ஷன் எண் இருந்ததால் அதுவாவது முடிந்தது.

இன்றைக்கு இதே தப்பு ஸ்னாப்ஷாட் டெஸ்ட் என்று நாகரிகமாக வருகிறது. லைப்ரரியை ஓட்டு, வந்த விடையைச் சேமி, நாளைக்கு மாறினால் "அப்டேட்" தட்டு. வெப்சைட்டின் பொத்தானுக்கு அது சரிவரலாம். இங்கே எதிர்பார்க்கும் விடை மாறுகிறது என்றால், எந்த ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்), எந்தப் பிரிவு என்று கேளுங்கள். சாச்சா20-பாலி1305 என்றால் ஆர்எஃப்சி 8439 பிரிவு 2.8.2, எச்மேக்-ஷா2 என்றால் ஆர்எஃப்சி 4231 என்று ஒவ்வொரு வெக்டருக்கும் (உள்ளீடும் எதிர்பார்க்கும் விடையும் கொண்ட வரிக்கும்) மேலே பிறந்த ஊர் எழுதியிருக்க வேண்டும். வெளியிடப்பட்ட வெக்டர் இல்லாத இடத்தில், சம்பந்தமில்லாத இன்னொரு லைப்ரரி கொடுக்கும் விடையை எடுங்கள். போய்வரும் டெஸ்ட்டும் இருக்கட்டும், வெக்டருக்குப் பக்கத்தில்.

## தோற்க வேண்டிய டெஸ்ட் வேறு காரணத்துக்காகத் தோற்பது

இணைய இணைப்பைப் பாதுகாக்கும் ஆப்பிளின் டிஎல்எஸ் கோடில் "கோட்டூ ஃபெயில்" என்ற வரி தவறுதலாக இரண்டு முறை விழுந்து, டிஜிட்டல் கையொப்பச் சரிபார்ப்பே நடக்காமல் போனது 2014-இல் தெரியவந்தது. ஜாவா 15 முதல் 18 வரை, உள்ளே இருக்கும் இரண்டு எண்ணும் பூஜ்ஜியமான ஈசிடிஎஸ்ஏ கையொப்பத்தை எந்தச் செய்திக்கும் சரி என்று சொன்னது 2022-இல் தெரியவந்தது. தப்பான கையொப்பங்களை, பூஜ்ஜியத்தையும் சேர்த்து, கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட் இருந்தால் போதும், இரண்டும் அன்றைக்கே மாட்டியிருக்கும்.

அப்படிப்பட்ட டெஸ்ட் இருந்தும் செத்துப்போவது உண்டு. எங்களோடு இருக்கும் ஒரு தங்கச்சி, சிதைத்த டேக்குகளைத் தனிக் கோப்புக்கு மாற்றினார். காப்பி எடுக்கும்போது ஒரு ஹெக்ஸ் எழுத்து விடுபட்டு, எழுத்துகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை ஆகிவிட்டது. டெஸ்ட் "எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வந்தால் பாஸ்" என்று எழுதியிருந்தது. ஹெக்ஸைப் படிக்கும் ஃபங்ஷனே எக்ஸெப்ஷன் போட்டது, டெஸ்ட் பாஸ். டேக் சரிபார்க்கும் கோடு வரை ஓட்டம் போகவே இல்லை. எந்த எக்ஸெப்ஷன் வர வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சிதைக்காத டேக்கை அதே டெஸ்ட்டில் முதலில் கொடுத்து, அது பாஸ் ஆகிறதா என்றும் பாருங்கள்.

## ஒரே மாதிரி தெரிகிறது என்று அழிப்பது

செய்தியைச் சுருக்கிக் கைரேகை போடும் ஷா-256-க்கு 55, 56, 64 பைட் என்று மூன்று டெஸ்ட் எதற்கு என்று கேட்பார்கள். 64 பைட் கட்டத்தில் நிரப்பலுக்கு 1 பைட், நீளத்துக்கு 8 பைட் போனால் மிச்சம் 55. 56 ஆனதும் இரண்டாவது கட்டம் தேவைப்படுகிறது. 64-இல் செய்தி ஒரு கட்டத்தை முழுசாக அடைத்துக்கொள்ள, நிரப்பலுக்கென்றே தனிக் கட்டம் வரும். மூன்றும் மூன்று வழி. அழிப்பதற்கு முன் இந்தக் காரணத்தை கமெண்ட்டில் தேடுங்கள், இல்லாவிட்டால் நீங்களே எழுதி வையுங்கள்.

## ரேண்டம் டெஸ்ட்

ரேண்டம் எண்கள் எதிலிருந்து தொடங்கினவோ அந்த சீட் (seed) மதிப்பை அச்சிடாத ரேண்டம் டெஸ்ட் வேண்டாம்.

## கருவியின் வாயை அடைக்க கோட் வரிகளை வெட்டுவது

2006-இல் டெபியன் லினக்ஸில், நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி முனகுகிறது என்று ஓப்பன்எஸ்எஸ்எல் கிரிப்டோ லைப்ரரியின் இரண்டு வரிகளை நீக்கினார்கள். ரேண்டமுக்கு மிஞ்சியது கிட்டத்தட்ட புராசஸ் எண் மட்டும், அதாவது 32,768 வாய்ப்புகள். 2008 வரை யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு டெஸ்ட்டும் சரியான நீளத்தில் ஒரு கீ வருகிறதா என்று மட்டும் பார்த்தால் இப்படித்தான்.

## டெஸ்ட்டையும் லைப்ரரியையும் ஒரே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவில்) தொடுவது

கூடாது. டெஸ்ட்டை நகர்த்திய கையோடு லைப்ரரியில் ஒரு பிட்டை வேண்டுமென்றே மாற்றி ஓட்டுங்கள். சிவப்பு வராவிட்டால் நகர்த்தியதில் எதையோ தொலைத்துவிட்டீர்கள்.

## நேரம் அளக்கும் டெஸ்ட்

மற்ற டெஸ்ட்டுகளோடு கலக்காதீர்கள். அது அமைதியான ஒரு மெஷினில் தனியாக ஓடட்டும்.

## சிஐ மெஷினில் ஓடாத வழிகள்

சிபியூவில் ஏஇஎஸ் வேலையை வேகமாகச் செய்யும் ஏஇஎஸ்-என்ஐ கட்டளைகள் இருந்தால் லைப்ரரி அதையே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ மெஷின்களில் அது இருக்கும், அதனால் வெறும் சி மொழியில் எழுதிய வழி ஒருநாளும் ஓடாது. அதில் பிழை இருந்தால் யாரோ ஒருவருடைய பழைய ரௌட்டரில்தான் தெரியவரும். ஒவ்வொரு வழிக்கும் அதே வெக்டர் அட்டவணையைக் கொடுத்துத் தனித்தனியாக ஓட்டுங்கள். சிபியூ வசதிகளை மறைக்க லைப்ரரியில் சுவிட்ச் இல்லை என்றால், புதியவருக்குக் கொடுக்க வேண்டிய முதல் வேலை அந்தச் சுவிட்ச்தான்.